பேசிய வாடகையும் பேசாத வாடகையும்

திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து மதுரைக்கு வாடகைக் கார் அமர்த்துவது இரண்டு நிமிட வேலை. “போக வர எவ்வளவு?” என்று நாம் கேட்போம். ஓட்டுநர் ஒரு தொகை சொல்வார்; நாம் சற்றுக் குறைப்போம்; அவர் தலையசைப்பார். எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை. தெரிந்தவராயின் அந்தத் தொகையும் பேசப்படுவதில்லை. “நீங்க பார்த்துக் குடுங்க பாய்” என்பதோடு வண்டி புறப்பட்டுவிடும். இதனைப் பெருந்தன்மை என்று நம் பெரியவர்கள் பாராட்டுவர். வாடகைப் பூசல்கள் பலவற்றுக்கு இச்சொல்லே வித்து என்பது என் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரைக் கண் சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் சென்றோம். போக வர இவ்வளவு என்று தொகை பேசியாயிற்று. நண்பகலில் திரும்பலாம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். மருத்துவர் பார்த்து முடிக்க மாலையாயிற்று. வீட்டு வாசலில் இறங்கியபோது ஓட்டுநர் காத்திருந்த நேரத்திற்கும், பேட்டாவுக்கும், கொடைரோடு சுங்கச்சாவடியில் கட்டியதற்கும் சேர்த்துக் கேட்டார். “பேசினது பேசினதுதான்” என்றார் என் மச்சான். “பேசினது ஓட்டத்துக்குத்தாங்க, காத்துக் கிடந்ததுக்கு இல்ல” என்றார் அவர். குரல்கள் உயர்ந்தன, தெருவில் நாலு பேர் கூடிவிட்டனர். என் தாயார் கட்டுப் போட்ட கண்ணோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சாயங்காலம் ஆகும்னு அவருக்கு யாராவது சொன்னீங்களா?” எவரும் சொல்லவில்லை, ஓட்டுநரும் கேட்டிருக்கவில்லை. கேட்டதில் பாதியைக் கொடுத்து அனுப்பினோம். இரு தரப்பிலும் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கருதத்தக்கது.

பயணி தான் அமர்ந்து சென்ற தொலைவைக் கணக்கிடுகிறார். ஓட்டுநரோ வண்டி ஓடிய தொலைவைக் கணக்கிடுகிறார். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழநியில் ஒருவரை இறக்கிவிட்டால், ஸ்டாண்டுக்குத் திரும்பும் வரை 120 கிலோமீட்டருக்கு டீசல் எரிகிறது. காலியாகத் திரும்பும் அந்தப் பாதி வழி பயணியின் கண்ணுக்குப் படுவதில்லை. கொடைக்கானல் என்றால் மலையேற்றத்திற்கு எரிபொருள் கூடுதலாகும்; இரவு தங்கினால் பேட்டா வேறு. வண்டி பிறருடையதாக இருந்து, ஓட்டுநர் கூலிக்கு ஓட்டுபவரானால், கிலோமீட்டர் கணக்கு முழுவதும் உரிமையாளருக்குப் போய்விடும். அவர் கைக்கு வருவது பேட்டா மட்டுமே. நமக்கு அற்பமாகத் தோன்றும் நூறு, இருநூறு ரூபாய்க்கு அவர் ஏன் தெருவில் நின்று வாதாடுகிறார் என்பது அப்போதுதான் விளங்கும்.

குதிரை வண்டிக் காலத்தில் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது என்பர். உண்மைதான். ஆனால் அந்த வண்டி ஊருக்குள்ளேயே ஓடியது; ரயிலடிக்கு என்ன கூலி, சந்தைக்கு என்ன கூலி என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அக்கால மனிதரின் நாணயத்தைப் புகழும் நாம் அந்தக் கூலியின் தெளிவை மறந்துவிடுகிறோம்.

சட்டம் வாய்ச்சொல்லை இகழவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி உடன்பாட்டையும் ஏற்கிறது. பொருள் தெளிவற்ற உடன்பாட்டைத்தான் செல்லாது என்கிறது (பிரிவு 29). அதே வேளையில், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த செயலின் பயனைத் துய்த்தவர் ஈடு தரவேண்டும் எனவும் கூறுகிறது (பிரிவு 70). நம் ஃபிக்ஹு நூல்களிலும் இதற்கு இணையான நெறி உண்டு. இஜாரா எனப்படும் வாடகை உடன்பாட்டில் பணியும் கூலியும் இருவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். கூலி தெளிவுபடாதபோது அத்தகைய பணிக்கு வழக்கத்தில் உள்ள கூலி, அதாவது உஜ்ரத்துல் மிஸ்ல், தரப்பட வேண்டும். “பார்த்துக் குடுங்க” என்பதற்கு இதுவே நேரிய பொருள்; நம் மனம் போனபடி கொடுங்கள் என்பதன்று.

அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். தவணையிட்ட கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் அவ்வசனம், கைக்குக் கை நடக்கும் வணிகத்தை எழுதாவிடில் குற்றமில்லை என்று விலக்களிக்கிறது. கார் வாடகை இவ்விரண்டில் எதைச் சார்ந்தது? மார்க்க அறிஞர்கள்தாம் தீர்ப்பளிக்க வேண்டும். எனினும், காலையில் பணி தொடங்கி மாலையில் பணம் கைமாறுகிறது. இடைப்பட்ட பொழுதில் அது கடனாகவே நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மீட்டரும் ஒருவகையில் எழுத்துதான். 2013-இல் அரசு சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என விதித்தது. அத்தொகையை எத்தனை பேர் மதித்தனர் என்பது வேறு கதை. ஆனால் வழக்கிட ஓர் அளவுகோலாவது இருந்தது. வெளியூர் வாடகையிலோ ஸ்டாண்டு வழக்கமே அளவுகோல். அதனைப் பயணி அறியார்.

இப்போது நான் அமர்த்தும் ஓட்டுநர் ஓர் இளைஞர். புறப்படுமுன் கிலோமீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து, வாடகை, காத்திருப்பு, பேட்டா, சுங்கம் நான்கையும் இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுகிறார். முதல்முறை அதைப் பார்த்த என் மச்சானுக்கு முகம் சுருங்கிற்று. “நம்மள நம்பலையா தம்பி?” என்றார். அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, “எங்க மொதலாளிக்கும் இதத்தான் அனுப்புறேன் பாய்” என்று சொல்லி வண்டியை எடுத்தார்.