கல்லும் வெளியும்

சொற்சிக்கனம் வேண்டும் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் வலியுறுத்துபவன் நான். நன்னூலார் எடுத்துரைக்கும் பத்துக் குற்றங்களுள் ‘குன்றக் கூறல்’, ‘மிகைபடக் கூறல்’ என்னும் இரண்டையும் கரும்பலகையில் எழுதி விளக்காத ஆண்டே இல்லை. ஆயினும் அவ்விரண்டின் பொருளையும் நான் உள்ளபடியே உணர்ந்தது, சிங்கப்பூரில் என் தமக்கையின் அடுக்குமாடி வீட்டில், நான்கடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னேதான் என்றால் வியப்பாக இருக்கும்.

தமக்கையின் மூத்த மகன் பொறியாளன். கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பதில் பெருவிருப்பம் உடையவன். பவளம் கல்லன்று, உயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியைக்கொண்டு உணவாக்கி, அதில் பெரும்பங்கைத் தனக்கு இடம் தந்த பவளத்துக்கே வழங்குகிறது. அத்தகைய பவளம் பற்றி வளர்வதற்குத் தொட்டியில் முதலில் கற்களை அமைத்தாக வேண்டும். கோடை விடுமுறைக்குச் சென்றிருந்த என்னை அவன், “மாமா, நீங்களும் கூட இருந்து சொல்லுங்கள்” என்று அழைத்தான்.

நான் சொன்னேன். சொல்லியதுதான் பிழையாயிற்று. “இவ்வளவு பெரிய தொட்டி வெறுமையாக இருக்கலாமா?” என்று கேட்டுக் கேட்டு, நாற்பது கிலோ அளவுக்குக் கற்களைப் பின்கண்ணாடியோடு சேர்த்து மதில்போல் எழுப்பச் செய்தேன். அவன் தயங்கினான், ஆனால் மாமாவின் பேச்சை மறுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

நான் ஊர் திரும்பிய சில மாதங்களில் செய்தி வந்தது. மதிலுக்குப் பின்னால் நீரோட்டம் நின்று, கழிவு தங்கி, நீர் கெட்டுவிட்டது. இன்னொன்றும் நேர்ந்தது. பவளங்களுள் சில, இரவில் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி, எட்டும் தொலைவில் உள்ள அயல் பவளத்தைச் சுட்டுவிடும் இயல்பின. நெருக்கி வைத்தமையால் ஒன்றையொன்று அழித்தன. ஒன்பதில் ஐந்து மாண்டன. அவன் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருங்குறையாக இருந்தது.

மறு ஆண்டு விடுமுறையில் இருவரும் மீண்டும் அமர்ந்தோம். இம்முறை அவன் ஆசிரியன், நான் மாணவன். தொட்டியின் அடித்தளத்தின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டித் தரையில் விரித்தான். நான்கு புறமும் பத்து சென்டிமீட்டர் விட்டுக் கோடு கிழித்தான். “இந்தக் கோட்டைக் கல் தாண்டக் கூடாது மாமா. நீர் சுற்றிவரவும், கண்ணாடியைத் துடைக்கவும், பவளம் விரியவும் இடம் வேண்டும்” என்றான்.

அவன் கொண்டுவந்தவை கடலிலிருந்து பெயர்த்த கற்கள் அல்ல; மனிதர் வார்த்துச் செய்த, நுண்துளைகள் நிறைந்த கற்கள். அவற்றைக் கையில் எடுத்தபோது என் நெஞ்சம் இராமநாதபுரம் கடற்கரைக்குச் சென்றது. என் பாட்டனார் அங்கே சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர். முருகைக்கல்லைப் படகு படகாகக் கொணர்ந்து சுட்டு நீற்றிய காலம் அது. அந்த வருவாயில்தான் என் தந்தையார் படித்தார். அதன் தொடர்ச்சியாக நானும் படித்தேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு பின்னாளில் நீருக்குள் மூழ்கின. முருகைக்கல்லை அளவின்றி எடுத்தமை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பர். 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பாட்டனார் அறியாமல் செய்தார். பேரன்மார் அறிந்தபின் எடுத்துக்கொள்ள உரிமை ஏது?

எடுத்துக்கொண்டவை பதினான்கு கிலோ மட்டுமே. தொட்டி நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு வரும் இடத்தில் ஒரு பெரிய திட்டு. மறுபுறம் ஒரு சிறிய திட்டு. இடையே வெறும் மணல். கற்கள் நீருயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை. மணலைத் தோண்டும் மீன்களால் சரியாதிருக்க, கற்களை முதலில் கண்ணாடித் தளத்தில் நிறுத்தி, பசையால் பிணைத்து, அதன் பின்னரே மணல் இட்டான். நன்னீர்ச் செடித்தொட்டிக் கலையில் புகழ்பெற்ற ஜப்பானியர் தகாஷி அமானோ சில கற்களைக்கொண்டே ஒரு மலைநிலத்தைக் காட்டியவர் என்றும் சொன்னான்.

“இது குன்றக் கூறல் ஆகாதா?” என்றேன். அவன் சிரித்தான். மீன்கழிவில் பிறக்கும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லின் துளைகளில் வாழ்கின்றன. கல் குறைந்தால் அவற்றுக்கு இருப்பிடம் குறையும். அந்தக் குறையை ஈடுசெய்யக் கீழறையில் துளைமிகு பீங்கான் கட்டிகளை வைத்திருந்தான். ஆகவே வெளியே தெரிவது குறைவு. வேண்டியது எதுவும் குறையவில்லை.

எல்லாம் முடிந்தபின்னும் என் கை அடங்கவில்லை. இடையிலிருந்த வெளியில் ஒரே ஒரு சிறுகல்லை வைக்கப் போனேன். அவன் மெல்ல என் கையைப் பற்றினான். “மாமா, அது காலியான இடம் இல்லை. இன்னும் மூன்று ஆண்டில் பவளம் வந்து சேரப்போகிற இடம். நாம் இன்றே நிரப்பிவிட்டால் அது எங்கே போகும்?”

அக்கேள்வியை நான் கல்லூரிக்கும் கொண்டுவந்தேன். பாடவேளை முழுவதையும் என் சொற்களாலேயே நிரப்பி வந்தவன் நான். இறைச்சியையும் உள்ளுறையையும், மாணவர் தாமே உய்த்துணரும் முன்பே நானே உடைத்துச் சொல்லி முடித்துவிடுவேன். இப்போது இறுதிப் பத்து நிமிடங்களைப் பேசாது விடுகிறேன். முதல் இரண்டு வாரங்கள் வகுப்பில் அமைதியே நிலவியது, வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, தலைவி தன் துயரை நேரே சொல்லாமல் நாரையைப் பார்த்து ஏன் பேசுகிறாள்?” என்று கேட்டார். பல ஆண்டுகள் பாடம் நடத்தியும் அந்த இருக்கையிலிருந்து ஒரு வினாவை நான் கேட்டதில்லை.

மாணவச் செல்வங்களே! சென்ற விடுமுறையில் அத்தொட்டியை மீண்டும் கண்டேன். நான் கல் வைக்கப் போன இடத்தை நோக்கி, பெரிய திட்டிலிருந்து ஒரு பவளக்கிளை விரலளவு நீண்டிருந்தது.