தாமதமான ஒரு திருத்தம்

அண்மையில் புதுக்குடியிருப்புச் சந்தியிலுள்ள தேநீர்க்கடை ஒன்றில், முன்பே அறிமுகமான முதியவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு தேர்தல்கள் பக்கம் திரும்பியது.

"2005 இல் நீங்கள் வாக்களிக்கவில்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"போகேலாது எண்டு உங்களுக்குத் தெரியாதோ தம்பி? நாங்கள் புறக்கணிச்சம் எண்டு எழுதினது நீங்கள்தானே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2005 நவம்பர் 17 அன்று ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றபோது, புதுக்குடியிருப்பு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாக்களிக்க விரும்பியவர் எல்லையைக் கடந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ 1.2 வீதம், கிளிநொச்சித் தொகுதியில் பதிவானது ஒரேயொரு வாக்கு. மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றதோ சுமார் 180,000 வாக்குகளால்.

'தமிழ் மக்கள் தேர்தலைப் புறக்கணித்தனர்' என்று நான் எழுதினேன். அச்சம் ஒரு காரணம்; அப்படி எழுதுவது வசதியாக இருந்தது இன்னொரு காரணம். ஜோன் குஷ்னஹன் தலைமையில் வந்த ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்களோ, அது புலிகள் திணித்த புறக்கணிப்பு என்று எழுதிவைத்தனர். இரு வேட்பாளர்களிலும் நம்பிக்கையின்றி வீட்டில் இருந்தவர்களும் உண்டு. ஆனால் போக விரும்பியவரே போக முடியாதபோது, போகாதவரின் மௌனத்துக்கு நாம் எப்படிப் பொருள் கூறுவது?

வெளிநாட்டார் பார்வை எல்லாவற்றையும் காக்கும் என்று நான் சொல்லவில்லை. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனைமீது எறிகணைகள் விழுந்ததைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு உலகுக்கு அறிவித்தது. எறிகணைகள் நிற்கவில்லை.

2013 செப்டெம்பர் 21 அன்று வடமாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. அதைக் கண்காணிக்கப் பொதுநலவாயக் குழு வந்தது. படையினரின் தலையீட்டை அதன் அறிக்கை சுட்டிக்காட்டியது. அவ்வளவுக்கும் நடுவில் முல்லைத்தீவு மாவட்டத்தில் பத்தில் ஏழு பேர் வாக்களித்தனர். முதியவரும் போட்டாராம்.

கண்காணிப்பாளர் வருவார், சில வாரங்களில் போய்விடுவார். இங்கேயே இருக்கும் நாம் எழுதத் தவறியதை அவர் எழுதினார் என்பதே எனக்கு உறுத்தல்.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவது எங்கள் தொழில் வழக்கம். என் திருத்தம் மிகவும் பிந்திவிட்டது. 'புறக்கணித்தனர்' என்பதைத் 'தடுக்கப்பட்டனர்' என்று வாசிக்கவும்.