இந்தியில் புரிந்த தமிழ்க் கவிதை

1980களில் சிகாகோ நகரில் மார்க் ஸ்மித் என்பார் தொடங்கிய 'ஸ்லாம்' கவிதைப் போட்டி இன்று கண்டங்கள் கடந்து பரவியுள்ளது. கவிஞர் மேடையேறித் தம் பாட்டைத் தாமே முழங்குவார். அவையினருள் சிலரே நடுவராகி மதிப்பெண் இடுவர். இதனைப் படித்தபோது நம் தில்லியே எம் நினைவுக்கு வந்தது.

1956இல் அகில இந்திய வானொலி தொடங்கிய சர்வபாஷா கவி சம்மேளனத்தில் போட்டியில்லை. ஆயினும் அது பாரதத்தின் பன்மொழிக் கவிஞரை ஓரரங்கில் கூட்டிற்று. அன்று அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 14 மொழிகள், இன்று 22. கவிஞர் தம் மொழியில் பாட, இந்தி மொழிபெயர்ப்பு தொடர்ந்து ஒலிக்கும்.

பல்லாண்டுகளுக்கு முன், குடியரசு நாளுக்கு முந்திய குளிரிரவில், குடும்பத்தோடு வானொலியருகே அமர்ந்திருந்தோம். தமிழ்க் கவிதை முடிந்ததும் பெருமிதத்தோடு மகனை நோக்கினோம். அவன் முகத்தில் சலனமில்லை. இந்தி தொடங்கியதும் அம்முகம் மலர்ந்தது.

"எவ்வளவு அழகான கவிதை, அப்பா!" என்றான்.

எம் நெஞ்சு சுருங்கிற்று. குற்றம் அவனுடையதன்று. பள்ளி அவனுக்கு இந்தியைத் தந்தது. தமிழை யாம் தரவில்லை. 'சாப்பிடு', 'தூங்கு' என்று சொல்வதே தமிழ் வளர்ப்பதாகும் என எண்ணியிருந்துவிட்டோம்!

மறுநாள் முதல் இரவு உணவுக்குப் பின் ஒரு பாட்டை உரக்கப் படிக்கலானோம். முதலில் அவன் கொட்டாவி விட்டான்; பின்னர்ப் பொருள் கேட்டான்; ஓராண்டில் தானே படித்தான்.

இன்று பேத்திக்குப் படிக்கின்றோம். அவளே எம் நடுவர். பிடித்துவிட்டால், "இன்னொரு தடவை, தாத்தா!" என்பாள்.

அன்பர்களே, அம்மதிப்பெண் எமக்குப் போதும். உங்கள் இல்லத்திலும் இன்றிரவே அரங்கு கூடட்டும்.