71 ஓட்டு

மாசிக்கருவாடு தூத்துக்குடி, காயல்பட்டினம் அடுப்படிகளுக்குப் பழகிய சாமான். சம்பலுக்கு இடித்துச் சேர்ப்பதற்கு அதை விட்டால் வேறில்லை என்பார்கள். அதில் மாலத்தீவிலிருந்து வருவதும் உண்டு, மினிக்காயில் செய்வதும் உண்டு. மினிக்காய் லட்சத்தீவின் தென்கோடி. 1956 நவம்பர் வரை அந்தத் தீவுகள் நம்முடைய சென்னை மாநிலத்தில்தான் இருந்தன. சில தீவுகளுக்குக் கலெக்டர் மலபாரில், சிலவற்றுக்குத் தென்கன்னடத்தில். அவற்றைப் பிரித்து யூனியன் பிரதேசம் ஆக்கியதோடு நாம் மறந்தும் போனோம். ஆதிச்சநல்லூரில் இருந்துகொண்டு நான் அந்தத் தீவுகளின் அரசியலைப் பின்தொடர்வது சிலருக்கு விநோதமாகப் படலாம். பி.எம். சயீத் என்கிற ஒரு மனிதரால் வந்த ஈடுபாடு இது.

1941 மே மாதம் அந்த்ரோத் தீவில் பிறந்தவர். பத்துத் தீவுகளில் மட்டுமே குடியிருப்பு உண்டு. அவற்றில் பெரியது அந்த்ரோத், அதுவே ஐந்து சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தென்னையும் சூரை மீனும்தான் பிழைப்பு. 1967 வரை லட்சத்தீவின் எம்.பி.யை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை; நியமனம்தான். அந்த ஆண்டு முதன்முதலாகத் தேர்தல் வந்தது. சயீத் சுயேச்சையாக நின்றார். எம்.பி. தேர்தலில் நிற்பதற்கான 25 வயது நிரம்பி அவருக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜெயித்தார். 1971இல் எதிர்த்து நிற்க ஆளில்லை, போட்டியின்றித் தேர்வானார். 1977இல் வடக்கே காங்கிரஸ் சாய்ந்து கிடந்தபோதும், அதற்குள் காங்கிரஸ்காரராகியிருந்த அவர் தொகுதி அசையவில்லை. இப்படியே 1999 வரை தொடர்ந்து பத்து முறை.

கட்சி அலைக்கு இதில் பங்கு குறைவு என்று நினைக்கிறேன். நம் தூத்துக்குடித் தொகுதியில் வாக்காளர்கள் பதினான்கு லட்சத்துக்கும் மேல். லட்சத்தீவில் இன்றைக்கும் அறுபதாயிரத்தைத் தொடவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சின்னக் கலங்கள் ஓடாது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணித் தண்டல் (தோணியின் தலைவர்) ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அந்த மாதங்களில் தீவுக்காரர்களுக்கு அரிசி வருமா, மருந்து வருமா, நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோகக் கப்பலில் இடம் கிடைக்குமா என்பதே நினைப்பாக இருக்கும் என்றார். இவற்றையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? சட்டமன்றம் கிடையாது, எம்.எல்.ஏ. கிடையாது. 1990களில் பஞ்சாயத்து வரும்வரை மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய அதிகாரமுள்ள ஆள் எம்.பி. ஒருவர்தான். நம்மூரில் கவுன்சிலர், சேர்மன், எம்.எல்.ஏ. என்று நாலு வாசல் ஏறிக் கேட்கிற வேலை அத்தனையும் அந்த ஒருவர் தலையில். கப்பலில் இடம் வாங்கிக் கொடுத்தவரை ஒரு குடும்பம் எப்படி மறக்கும்!

டெல்லியிலும் அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவரல்ல. உள்துறையிலும் தகவல் ஒலிபரப்பிலும் இணையமைச்சராக இருந்தார். 1998 டிசம்பரில் மக்களவைத் துணை சபாநாயகர் ஆனார். மற்றொரு கட்சியின் ஆட்சியில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவருக்கு அந்த நாற்காலி கிடைத்தது நல்ல மரபு. அது இன்று கைவிடப்பட்டிருப்பது எனக்கு வருத்தம்.

பிறகு 2004. பதிவான ஓட்டு முப்பதாயிரத்துச் சொச்சம். ஐக்கிய ஜனதா தளத்தின் பி. பூக்குஞ்ஞி கோயா 71 ஓட்டில் ஜெயித்தார். முப்பத்தேழு வருஷத்தை 71 பேர் முடித்துவைத்தார்கள். ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாணப் பந்தியில் ஒரே நேரத்தில் உட்காருகிறவர்கள் அவ்வளவுதான். தோற்ற சயீதைக் காங்கிரஸ் கைவிடவில்லை. மத்திய மின்துறை அமைச்சராக்கியது, டெல்லியிலிருந்து மாநிலங்களவைக்கு அனுப்பியது. கேபினட் பதவி கிடைத்தது தோற்ற பிறகுதான். 2005 டிசம்பரில், அமைச்சராக இருக்கும்போதே, தென்கொரியாவின் சியோலில் காலமானார்.

அவர் மீதுள்ள மரியாதையோடுதான் அடுத்ததைச் சொல்கிறேன். புதுச்சேரிக்கு 1963இலேயே சட்டமன்றம் வந்துவிட்டது. லட்சத்தீவுக்கு அவர் காலத்திலும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஜனத்தொகை குறைவு என்பார்கள். அதிகாரம் டெல்லி அனுப்புகிற நிர்வாகியிடம், மக்களின் குரல் ஒற்றை எம்.பி.யிடம் என்ற ஏற்பாட்டில் செல்வாக்கு ஒரு மனிதரைச் சுற்றியே வளரும்; அவருக்குப் பின் அவர் குடும்பத்தைச் சுற்றி வளரும். 2009இல் மகன் ஹம்துல்லா சயீத் ஜெயித்து அந்த மக்களவையின் மிக இளைய உறுப்பினர் ஆனார். 2014இலும் 2019இலும் முகமது ஃபைசலிடம் தோற்றார், இரண்டாம் முறை 823 ஓட்டில். 2024இல் மீண்டும் வந்தார்.

2021இல் புதிய நிர்வாகி கொண்டுவந்த வரைவுச் சட்டங்களைப் பாருங்கள். வளர்ச்சி என்ற பெயரில் நிலத்தை எடுத்துக்கொள்ள வழி, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்தில் நிற்கத் தடை. தீவுகள் கொதித்தன, வீட்டு வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு சட்டமன்றம் இருந்திருந்தால் அந்த வரைவுகளை அங்கே வைத்து, வரிவரியாகக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கலாம். பத்துத் தீவுக்கும் பத்துப் பேர் போதும், இருபது இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கோரிக்கையைத் தீவுக்காரர்கள் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முன்பு ஒரே மாநிலத்தில் இருந்த நாமும் சேர்ந்து கேட்கலாம்.