தண்ணி வந்தா பட்டினி!

ஒகேனக்கல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பரிசல், எண்ணெய் மசாஜ், சுடச்சுட மீன் வறுவல்... எனக்கும் அதே மூணுதான். பத்தாவது லீவுல குடும்பத்தோட போய், மூக்கு முட்ட மீன் சாப்பிட்டு, பரிசல்ல உட்கார்ந்து 'அம்மா'ன்னு அலறினவன் நான். அதனால, "ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல் வர்றியா?"ன்னு ஹாஸ்டல் ரூம்மேட் கேட்டதும், எதுக்கு, என்னன்னு விசாரிக்காமலே "டபுள் ஓகே மச்சி"ன்னுட்டேன்.

வேன்ல ஏறின பிறகுதான் தெரிஞ்சுது, இது டூர் இல்லை. நண்பன் கிருஷ்ணகிரி பக்கத்து லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். அந்தச் சபையின் இளைஞர்கள் நாலு பேர், பெண்கள் சங்கத்து அக்காக்கள் அஞ்சு பேர், ரிட்டயர்டு நர்ஸம்மா ஒருத்தர், காலுக்கடியில மூட்டைகள். ஒகேனக்கல்ல வேலையில்லாம இருக்கிறவங்களைப் பார்க்கப் போறாங்களாம். அன்னிக்குத் தேதி 2024 ஆகஸ்டு 4, ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.

"காவிரி கரைபுரண்டு ஓடுதுன்னு டி.வி-யில காட்டிக்கிட்டே இருக்காங்க. அங்கே எப்படிடா வேலை இல்லாமப் போகும்?"னு கேட்டேன். "வந்து பாரு"ன்னான், அவ்வளவுதான்.

அருவியைக் காணோம்!

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியா சுமார் 46 கிலோமீட்டர். கன்னடத்துல 'ஹொகே'ன்னா புகை, 'கல்'லுன்னா பாறை. அருவி விழுற வேகத்துல கிளம்புற சாரல் புகை மாதிரி எழும்புறதால வந்த பேர். ஆனா, அன்னிக்கு தூரத்துல நின்னு பார்த்தப்போ புகையும் இல்லை, கல்லும் இல்லை, அருவியே இல்லை! வெள்ளம் ஏறினா பாறைகள் மொத்தமும் மூழ்கி, விழறதுக்கு இடமில்லாம தண்ணி சமமா ஓடுமாம். செம்மண் கரைச்ச மாதிரி ஒரே பழுப்பு. சத்தம் மட்டும் நெஞ்சுக்குள்ள அதிருது.

நான் சிவில் இன்ஜினீயரிங். ஹைட்ராலஜி பேப்பர்ல 'ஒரு கன அடி தண்ணி சுமார் 28 லிட்டர்'னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியிருக்கேன். அந்த வாரம் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் 28 லட்சம் லிட்டர்! கணக்கு நோட்டுல சாதுவா இருந்த நம்பர், நேர்ல பார்த்தா முதுகுல சில்லுங்குது.

அதே வாரம் என் கிளாஸ்ல இருக்கிற தஞ்சாவூர்க்காரன் 'மேட்டூர் 120 அடி!'ன்னு ஸ்டேட்டஸ் போட்டு ஆட்டம் போட்டான். ஜூலை 30-ம் தேதி அணை நிரம்பிடுச்சு, அவன் ஊர் வயலுக்குத் தண்ணி நிச்சயம். ஆனா, மேட்டூருக்கு மேலே ஒகேனக்கல்ல அதே தண்ணிக்கு இன்னொரு அர்த்தம்... பரிசல் ஓட்டத் தடை, குளிக்கத் தடை.

நடுவுல வர்ற தண்ணி

ஊட்டமலையில பரிசல்கள் எல்லாம் கவிழ்த்துப் போட்டு, ஆமைங்க வெயில் காயிற மாதிரி கிடந்துச்சு. மூங்கில் பிளாச்சுல பின்னி, அடியில ஷீட் போட்டுத் தார் பூசின பரிசல். அதுல ஒண்ணுமேல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்த அண்ணன்கிட்ட பேச்சுக் கொடுத்தேன்.

"தண்ணி வத்தினாலும் பொழப்பு இல்லை, தம்பி. நெறைய வந்தாலும் பொழப்பு இல்லை. நடுவுல வர்ற தண்ணிதான் எங்களுக்குச் சோறு போடுது."

பரிசல் நின்னா அவர் மட்டும் நிக்கலை. டூரிஸ்ட் வராததால எண்ணெய் மசாஜ் பண்றவர், மீன் விக்கிறவர், நாம வாங்கிக் கொடுக்கிற மீனைக் கழுவி மசாலா தடவிப் பொரிச்சுத் தர்ற அக்கா, பஜ்ஜிக் கடைக்காரர்... ஒரு கயித்துல கட்டின மாதிரி எல்லாரும் நிக்கிறாங்க. 2018, 2022-லயும் லட்சம் கன அடிக்கு மேல வந்துச்சு. 2020-ல தண்ணி சரியா இருந்தும், கொரோனா ஊரடங்குல ஆளே வரலை.

"வெள்ளத்தை வேடிக்கை பார்க்க எல்லாருக்கும் பிடிக்கும். வடியறவரைக்கும் வட்டி கட்டறவன் யாருன்னு யாரும் கேக்கறதில்லை"ன்னார். அந்தப் பரிசலே கடன்ல வாங்கினது.

அரிசி இல்லாத மூட்டை

மூட்டைகளைப் பிரிச்சாங்க. கடலெண்ணெய், துவரம் பருப்பு, சோப்பு, மிளகாய்த்தூள், பள்ளிக்கூட நோட்டு. அரிசி ஒரு பொட்டலம்கூட இல்லை! நிவாரணம்னாலே அரிசிதானே? பெண்கள் சங்கத்து அக்காகிட்டயே கேட்டுட்டேன்.

"மொதல் தடவை அரிசிதான் கொண்டு வந்தோம், தம்பி. ஒரு பாட்டி வாங்கி வச்சுக்கிட்டு, 'ரேசன்ல அரிசி சும்மாவே போடறாங்க கண்ணு, அதைக் கொழம்பு இல்லாம எப்படித் திங்கறது?'ன்னு கேட்டாங்க. தலை குனிஞ்சு போச்சு. இப்பெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே ரெண்டு பேர் வந்து, என்ன வேணும்னு கேட்டுட்டுப் போவோம்."

தமிழ்நாட்டு ரேஷன்ல 2011-லிருந்து அரிசி இலவசம். எனக்கும் தெரிஞ்ச விஷயம்தான். யோசிக்கத்தான் தோணலை!

சுவாரஸ்யம் என்னன்னா, இந்தப் பணமே அரிசியில இருந்து வந்தது. சபையில தினமும் உலை வைக்கிறப்போ ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வைக்கிறாங்க. அதுதான் 'பிடி அரிசி'. மாசக் கடைசியில அதை ஏலம் விட்டு வர்ற காசுலதான் எண்ணெயும் பருப்பும்.

'மதப் பிரசாரமா இருக்குமோ'ங்கிற டவுட் எனக்கும் இருந்துச்சு. மூட்டைக்குள்ள துண்டுப் பிரசுரம் தேடினேன், இல்லை. "ஜெபம் எல்லாம் வேன்லயே முடிஞ்சுது"ன்னு நர்ஸம்மா சிரிச்சுக்கிட்டே பி.பி. மிஷினை எடுத்தாங்க.

இந்தச் சபைகளுக்குக் கிருஷ்ணகிரியில பழைய வேர் இருக்கு. 1895-ல ஜெர்மானியரான தியோடர் நேதர், அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை சார்பா அங்கே பணியைத் தொடங்கினார். 1904-ல பிளேக் நோய் அவர் உயிரை வாங்கிடுச்சு. பின்னாடி ஆம்பூர்ல பெதஸ்தா ஆஸ்பத்திரி ஆரம்பிச்சதும் இதே மிஷன்தான். "பிளேக்குக்கு ஓடி ஒளியாத ஊரு, வெள்ளத்துக்கா பயப்படும்?"னு நண்பன் காலரைத் தூக்கிவிட்டான்.

நான் வாங்கின பல்பு

எல்லாம் நல்லாப் போச்சு, நான் செல்போனை எடுக்கிறவரைக்கும். ஒரு அக்கா பையை வாங்கறப்போ 'கிளிக்' பண்ணிட்டேன். அவங்க சட்டுனு முந்தானையால முகத்தை மறைச்சுக்கிட்டாங்க. பரிசல் அண்ணன் கோபப்படலை. மெதுவா சொன்னார்: "சீசன்ல வாங்க தம்பி. அந்தம்மா மீன் பொரிக்கறப்போ எடுங்க. அவங்களே சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க." போட்டோவை அங்கேயே அழிச்சேன். இந்தப் பக்கத்துல படம் இல்லாததுக்கு அதுதான் காரணம்.

வெட்கத்தோட ஒதுங்கி நின்னவனை நர்ஸம்மா கூப்பிட்டாங்க. "இன்ஜினீயர் தம்பி, ஃபாரம் நிரப்பத் தெரியுமா?" மசாஜ் பண்ற பெரியவர் ஒருத்தர், அமைப்புசாரா தொழிலாளர் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்காம விட்டிருந்தார். அட்டை உயிரோட இருந்தாத்தான் பிள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை, விபத்து நிவாரணம், 60 வயசுக்கு மேல ஓய்வூதியம் எல்லாம் கேட்க முடியும். வெள்ளம் வடிஞ்சதும் தீர்ந்துபோற பருப்பு மாதிரி இல்லை இது. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பதினோரு ஃபாரம் நிரப்பினேன். ஆறு செமஸ்டர் படிச்சதுல முதல் தடவையா யாருக்கோ பிரயோஜனப்பட்ட ஃபீலிங்!

அண்ணனோட வட்டிக் கடனுக்கு மட்டும் யார்கிட்டயும் பதில் இல்லை. அந்த மூட்டைக்குள்ள அது அடங்காது. கிளம்பறப்போ அவர்தான் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம்னு சொன்னதுக்கு, "நீங்க கொடுத்தா நாங்க வாங்கிக்கலையா?"ன்னு கேட்டார். குடிச்சோம்.

மக்களே, தண்ணி குறைஞ்சு பரிசல் ஓடுறப்போ ஒகேனக்கல் போங்க. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கங்க. கட்டணத்துக்கு மேல அம்பது ரூபாய் கேட்டாங்கன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. ஆறு மூடியிருந்த நாளுக்கும் சேர்த்துத்தான் அன்னிக்கு அவங்க துடுப்புப் போடுறாங்க.