உப்பு தின்னும் வண்டி

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகிற சாலையோரம், உடைமர நிழலையொட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சாமான்களுக்குத்தான் இடம். வண்டிகள் வெளியே மணலில் நிற்கின்றன. ஏப்ரல் பாதிக்கு மேல் இங்கே நெரிசல் கூடும். 15-ஆம் தேதி தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகு கட்டிக் கிடந்தால் மீன் வண்டிக்கும் ஓட்டம் குறைவு. வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அப்போதுதான் பட்டறைக்கு வருகிறது.

ஜாக்கியில் ஏறி நிற்பது ஒரு பழைய டாடா 407. இந்த ரகம் 1986-ல் வந்தது. இரண்டே வருஷத்தில், 1988-ல், பாம்பனில் சாலைப்பாலம் திறந்தார்கள். அதுவரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலும் படகும்தான். பாலம் வந்ததும் சரக்கு வண்டிகள் நேராக ராமேஸ்வரம் கரைக்கே போய் நின்றன. பிற்பாடு சின்ன சரக்கு வண்டிகளாகக் குட்டி யானை வந்தது, தோஸ்து வந்தது, பொலிரோ பிக்கப் வந்தது. ஆனாலும் ஐஸ் பெட்டி அடுக்க, வாலிநோக்கம் பக்கம் உப்பு மூட்டை ஏற்ற, கருவேலங்கரி ஏற்ற 407-ஐத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாரம் தாங்கும், எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

இந்த வண்டியின் பின்பக்க இடது ஸ்பிரிங் பட்டைக் கட்டு உட்கார்ந்துவிட்டது. டயர் மட்கார்டில் உரசிய தடம் தெரிகிறது. மெக்கானிக் அடியில் சாக்கை விரித்துப் படுக்கிறார். ஐம்பது வயதிருக்கும். யூ போல்ட்டின் நட்டில் பானாவைப் போட்டுப் பார்க்கிறார். அசையவில்லை. நட்டுக்கு ஆறு முகம் இருந்த காலம் போய்விட்டது. துரு தின்று உருண்டையாகி, பானா வழுக்குகிறது. கூட வேலை பார்க்கும் பையன் மண்ணெண்ணெய் டப்பாவை நீட்டுகிறான். துணியை அதில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டிவிட்டு எழுந்துவிடுகிறார். டீ வருகிறது. அவசரமில்லை. அவசரப்பட்டால் போல்ட் முறியும், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும்.

துரு என்றால் இரும்பு தேய்வது என்றுதான் நாம் நினைக்கிறோம். பாதிதான் சரி. இரும்பு துருவாகும்போது இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிறது. நட்டுக்கும் மரைக்கும் இடையே அது ஊதிப் பிடித்துக்கொள்கிறது. டீ முடிந்து, கேஸ் வைத்துச் சூடேற்றியும் நட்டு வராமல், கடைசியில் யூ போல்ட்டையே அறுத்துவிட்டார். பட்டைகளைப் பிரித்தபோது கண்ணெதிரே தெரிந்தது. ஒன்றோடொன்று ஒட்டி வழுக்க வேண்டிய பட்டைகளுக்கு இடையில் அடை அடையாகத் துரு. சுத்தியலால் தட்டினால் தகடு தகடாக உதிர்கிறது. பாரத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்க வேண்டிய கட்டு, உள்ளே ஊதிய துருவால் இறுகிப்போயிருக்கிறது. மூன்றாவது பட்டை சென்டர் போல்ட் துளையருகே முறிந்திருக்கிறது. முறிவின் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி பளிச்சென்ற வெள்ளை. கறுத்த பாதி எப்போதோ விரிசல் விட்டது. வெள்ளை அண்மையில் முறிந்தது. மெக்கானிக் அதை டிரைவரிடம் நீட்டிக் காட்டுகிறார். ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறார்.

ஓடிய கிலோமீட்டரை வைத்து இங்கே வண்டியின் வயதைச் சொல்ல முடியாது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகுகிற ஐஸ் தண்ணீர் பிளாட்பாரத்தின் பொத்தலில் இறங்கி சேஸிஸில் சொட்டுகிறது. பாலத்தில் போகும்போது கடல்காற்று அடிக்கிறது. வெயிலில் காய்ந்துவிட்டது என்று தோன்றும், காய்வதில்லை. கடல் உப்பில் சமையல் உப்போடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே அது இழுத்துக்கொள்ளும். டிரைவர் படுத்துத் தூங்குகிற ராத்திரியிலும் துரு தன் வேலையைப் பார்க்கிறது. சைலன்ஸர் ஓட்டையாகிறது, பேட்டரி முனையில் பச்சை பூக்கிறது, எர்த் வயர் அறுந்து செல்ஃப் மோட்டார் எடுக்காமல் வண்டியைத் தள்ள வேண்டியிருக்கிறது.

மருந்து எல்லோருக்கும் தெரியும். நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தை அலசிவிட வேண்டும். அந்த நல்ல தண்ணீர்தான் இங்கே இல்லை. குடம் வைக்கத் துளை போட்ட தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் இதே சாலையில் போகிறார். அந்தத் தண்ணீரை சேஸிஸில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? ராமநாதபுரத்து டிரைவர்கள் வண்டியைக் கவனிப்பதில்லை என்று வெளியூர்க்காரர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. கழித்த எஞ்சின் ஆயிலைத் தூரிகையில் தொட்டு சேஸிஸுக்குப் பூசி, முடிந்த மட்டும் காப்பாற்றித்தான் ஓட்டுகிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றியிருப்பதால் மெக்கானிக் டிரம்மையும் தட்டி எடுத்துப் பார்க்கிறார். உள்ளே லைனர் நனைந்து மினுங்குகிறது. வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி, ரப்பர் கப் கிழிந்து, பிரேக் ஆயில் கசிந்திருக்கிறது. ஆயில் பட்ட லைனர் பிடிக்காது.

"பிரேக் ஒரு பக்கம் இழுக்குமே?"

"இழுக்குதுண்ணே. ரெண்டாவது மிதியிலதான் பிடிக்கும்."

"எத்தன நாளா?"

டிரைவர் பதில் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் போகிறார். திரும்பி வரும்போது முகம் சுருங்கியிருக்கிறது.

"அண்ணே, முதலாளி பட்டைய மட்டும் பாக்கச் சொல்றாக. பிரேக்க தடை முடியறப்ப பாத்துக்கலாமாம்."

"தடை முடியுற வரைக்கும் வண்டி நிக்குமா?"

"நாளைக்கு கருவாட்டு லோடு இருக்கு. பாம்பன்லருந்து."

மெக்கானிக் கழற்றிய சக்கரத்தை உருட்டிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குள் சாத்திவைக்கிறார். கையைத் துடைத்துக்கொள்கிறார்.

"பாலத்து மேல ஏறி இறங்குற வண்டிப்பா. சிலிண்டரும் லைனரும் வரட்டும், சக்கரத்த மாட்டுறேன். கூலி பின்னாடி குடு. சாமானுக்கு மட்டும் காசு கேளு. முதலாளிகிட்ட நான் பேசணும்னா பேசுறேன்."

டிரைவர் கொஞ்ச நேரம் நிற்கிறார். மறுபடி போன். இந்த முறை குரல் உயர்கிறது. பிறகு பழைய சிலிண்டரை அளவுக்காகப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு, ராமநாதபுரம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டுகிறார். பையன் பிரித்த பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க உட்காருகிறான். முறிந்ததைத் தனியே ஒதுக்கிவிட்டான். மெக்கானிக் அடுத்த வண்டிக்கு அடியில் சாக்கை விரிக்கிறார்.