குட்டி ஜப்பானில் ஒரு நாள்: பட்டாசு ஊருக்குப் பொருத்தமான சில அனிமே கதைகள்!

மதுரையிலிருந்து தெற்கே வண்டி விருதுநகரைத் தாண்டி சிவகாசிச் சாலைக்குத் திரும்பியதுமே ஊர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கரிசல் காடு, அங்கங்கே கருவேல மரம், அதற்கு நடுவே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. இங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ், அச்சாபீஸ். எல்லாமே 'ஆபீஸ்'தான்.

இந்த ஊரைப் பார்த்து நேரு 'குட்டி ஜப்பான்' என்று அழைத்ததாகச் சிவகாசிக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் பள்ளி மாணவர்களின் செல்போனை எட்டிப் பார்த்தால், பெரிய ஜப்பானும் அதற்குள்ளேதான் இருக்கிறது. நருட்டோ, டீமன் ஸ்லேயர், சோலோ லெவலிங் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயரின் 'இன்ஃபினிட்டி காஸில்' படம் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்துவிட்டது.

ஆனால், இந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால் அதிகம் பேசப்படாத சில படங்களும் தொடர்களும் இருக்கின்றன. வாணவேடிக்கை, வெடிமருந்து, அதைச் செய்யும் கைகள் என்று அவை சொல்லும் விஷயங்கள் சிவகாசிக்கு ரொம்பவே நெருக்கம். ஊரைச் சுற்றிக்கொண்டே அவற்றையும் ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம்.

கட்டம் போட்ட கதைகளின் ஊர்

வெளிநாட்டுப் படக்கதை சிவகாசிக்குப் புதுசல்ல. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான். அதைத் தொடங்கியவர் மு.சௌந்திரபாண்டியன். 1984-ல் அவர் மகன் எஸ்.விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். இங்கிலாந்தின் 'ஸ்டீல் க்ளா' இங்கே இரும்புக்கை மாயாவி ஆனார். பிரெஞ்சு காமிக்ஸின் புளூபெர்ரி, கேப்டன் டைகர் ஆனார். இத்தாலியின் டெக்ஸ் வில்லர் தமிழ் பேசிக்கொண்டே குதிரை ஓட்டினார். இன்றைக்குத் தாத்தாவாகிவிட்ட பலர், சின்ன வயதில் காசு சேர்த்து வாங்கிய புத்தகங்கள் அவை.

தீப்பெட்டியும் வெளியிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் ஸ்வீடனும் ஜப்பானும் அனுப்பிய தீக்குச்சியில்தான் நம் வீட்டு அடுப்பு எரிந்தது. இந்தியச் சந்தைக்காகவே நம் சாமிப் படங்களைப் போட்டு ஜப்பான்காரர்கள் லேபிள் அச்சடித்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பட்டாசுக்கு லேபிள் ஒட்ட அச்சுத் தொழில் வளர்ந்தது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்தில் தயாராவது.

வெளியிலிருந்து வந்ததை வாங்கி, தன் கையால் தன்னுடையதாக்கிக்கொள்வது இந்த ஊரின் பழக்கம். அனிமே பார்க்கும் பேரன், மாயாவி படித்த தாத்தாவின் வழியில்தான் போகிறான்.

பட்டாசு உருண்டையா, தட்டையா?

முதலில் ஊருக்கு ரொம்பப் பொருத்தமான படம். பெயரே 'ஃபயர்வொர்க்ஸ்'. 2017-ல் ஷாஃப்ட் ஸ்டுடியோ எடுத்தது. ஷுன்ஜி இவாய் 1993-ல் எடுத்த தொலைக்காட்சி நாடகம்தான் மூலம். கடலோர ஊர்ப் பையன்களுக்குள் ஒரு சண்டை: வானத்தில் வெடிக்கும் பட்டாசைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் உருண்டையாகத் தெரியுமா, தட்டையாகத் தெரியுமா? இதற்கிடையே வீட்டை விட்டு ஓட நினைக்கும் ஒரு பெண், நேரத்தைப் பின்னுக்குத் திருப்பும் ஒரு கண்ணாடி உருண்டை.

உள்ளதைச் சொன்னால், கதை பாதிக்கு மேல் தள்ளாடுகிறது. படம் வந்தபோது விமர்சகர்களும் அப்படியொன்றும் கொண்டாடவில்லை. டாவோகோவும் கென்ஷி யோனெஸுவும் பாடிய பாட்டுதான் படத்தைவிடப் பெரிய ஹிட். ஆனாலும் அந்த 'உருண்டையா, தட்டையா' கேள்விக்காக ஒருமுறை பார்க்கலாம். சிவகாசியில் கேட்டால் பதில் உடனே கிடைக்கும். குண்டுக்குள் மருந்து உருண்டைகளை எப்படி அடுக்குகிறார்களோ, அப்படித்தான் வானத்தில் விரியும். சுற்றிலும் சமமாக அடுக்கியிருந்தால், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் உருண்டைதான். இதயம் போலவோ நட்சத்திரம் போலவோ தட்டையாக அடுக்கியிருந்தால்தான் பக்கவாட்டில் கோடாகத் தெரியும்.

ஜப்பானில் வாணவேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. பெரிய பட்டாசு விரிந்ததும் 'தாமாயா!', 'காகியா!' என்று கத்துவார்கள். இரண்டும் டோக்கியோ, எடோ என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்கே பட்டாசு செய்த இரண்டு குடும்பக் கடைகளின் பெயர்கள். 1843-ல் நடந்த ஒரு தீ விபத்துக்குப் பிறகு தாமாயா ஊரை விட்டே அனுப்பப்பட்டது. ஆனாலும் இன்றுவரை கூட்டம் அந்தப் பெயரைக் கூவுகிறது. வானத்தைப் பார்த்துச் செய்தவர் பெயரைச் சொல்வது நல்ல பழக்கம் அல்லவா?

வெடியுப்பு, கந்தகம், கரி

அடுத்தது 'டாக்டர் ஸ்டோன்', 2019-ல் தொடங்கிய தொடர். உலகத்து மனிதர்கள் எல்லோரும் கல்லாகிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து செங்கூ என்ற பையன் விழித்து, அறிவியலை ஒன்றாம் வகுப்பிலிருந்து மறுபடி தொடங்குகிறான். சோப்பு, கண்ணாடி, மருந்து என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகிறான். ஆரம்ப எபிசோடுகளிலேயே கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று காட்டிவிடுகிறார்கள். சிவகாசியின் அரிச்சுவடியும் இதே மூன்றுதான்.

இன்னொரு காட்சியில், குரோம் என்ற கிராமத்துப் பையன் நெருப்பின் நிறத்தை மாற்றி 'மந்திரம்' என்கிறான். உப்பைப் போட்டால் மஞ்சள், மயில்துத்தம் போட்டால் நீலப்பச்சை. செங்கூ சிரித்துக்கொண்டே காரணம் சொல்கிறான். நம் மத்தாப்பிலும் இதே கணக்குதான். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, தாமிரம் நீலம், சோடியம் மஞ்சள், பேரியம் பச்சை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தபோது இங்கே பல ஆபீஸ்கள் தடுமாறியதற்குக் காரணம் இதுதான். பேரியம் போனால் பச்சை மட்டும் போவதில்லை. புஸ்வாணம், மத்தாப்பு, சக்கரம் என்று பலவற்றின் கலவையையே மாற்ற வேண்டும்.

வேதியியல் என்றாலே ஓடும் பிள்ளைகளுக்கு டாக்டர் ஸ்டோன் நல்ல தூண்டில். ஒரே எச்சரிக்கை: திரையில் இரண்டு நிமிடத்தில் முடியும் கலவை வேலைதான் சிவகாசியில் அதிக உயிர்களை வாங்கிய வேலை. உராய்வு, வெப்பம், கொஞ்சம் அளவு கூடுதல், இவற்றில் எதுவும் போதும். வீட்டில் யாரும் முயலக் கூடாது.

பவுடர் என்றொரு சிறுமி

வீடியோ கேமிலிருந்து எடுக்கும் படங்களும் தொடர்களும் பெரும்பாலும் ஏன் சொதப்புகின்றன? கேம் விளையாடும்போது கை உங்களுடையது. தப்பு செய்தால் உங்கள் தப்பு, ஜெயித்தால் உங்கள் ஜெயம். திரைக்கு வரும்போது அந்தக் கையை யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள்.

'டிராகன் க்வெஸ்ட்: யுவர் ஸ்டோரி' (2019) இதற்கு நல்ல உதாரணம். 1992-ல் வந்த கேமின் கதை. அப்பா, மகன், பேரன் என்று அழகாகப் போய்க்கொண்டிருக்கும் குடும்பக் கதை, கடைசிச் சில நிமிடங்களில் 'இதெல்லாம் வெறும் கேம்தானே' என்று ஒரு திருப்பம் வைக்கிறது. எரிந்துகொண்டிருக்கும் மத்தாப்பைத் தண்ணீர் வாளியில் முக்கியது போல ஆகிவிடுகிறது. ரசிகர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு.

ஜெயித்த தொடர் 'ஆர்கேன்'. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' கேமிலிருந்து பிரான்ஸின் ஃபோர்டிஷ் ஸ்டுடியோ செய்தது. கறாராகப் பார்த்தால் அனிமே அல்ல. 2021-ல் முதல் சீசன், 2024-ல் இரண்டாவது. மேலே பளபளக்கும் நகரம், கீழே புகையில் உழைக்கும் நகரம். கீழ் நகரத்தில் அக்காவோடு வளரும் சிறுமியின் பெயரே பவுடர். கிடைத்த உதிரிகளை வைத்துக் கையாலேயே வெடிகுண்டு செய்வாள். ஒவ்வொன்றும் புஸ்ஸென்று போய்விடும். ஒருநாள் ஒன்று சரியாக வெடிக்கிறது. யாரைக் காப்பாற்றச் செய்தாளோ, அவர்களையே அது கொண்டுபோய்விடுகிறது. மீதித் தொடர் முழுக்க அந்த ஒரு வெடியின் எதிரொலிதான். ரத்தமும் வன்முறையும் உண்டு; சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

சிவகாசி வட்டாரத்தில் பவுடருக்குப் பெயர் 'மருந்து'. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். இந்த ஊரில் உட்கார்ந்து ஆர்கேன் பார்ப்பவருக்கு அந்தக் காட்சி வெறும் கற்பனையாகத் தெரியாது.

இதே வரிசையில் இன்னொன்று, 'ரைட் யுவர் வேவ்' (2019). மசாகி யுவாசாவின் காதல் படம். பக்கத்துக் கட்டடத்தில் யாரோ விதி மீறி விட்ட பட்டாசு, கதாநாயகியின் குடியிருப்பைப் பற்ற வைக்கிறது. காப்பாற்ற வரும் தீயணைப்பு வீரர்தான் நாயகன். தீபாவளிக்கு முந்தைய வாரம் வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்க ஏற்றது. கண்ணீருக்குக் கைக்குட்டையும் தேவைப்படும்.

விருதுநகர் வழியே திரும்பும்போது

திரும்பும் வழியில் விருதுநகரில் இறங்காமல் போனால் பாவம். காமராஜர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. வயிற்றுக்கு எண்ணெய்ப் பரோட்டா. இன்னும் நேரம் இருந்தால் சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. வசந்தபாலனின் 'வெயில்' (2006) படமும் இந்த ஊரில், சினிமாப் பைத்தியம் பிடித்த ஒரு பையனைப் பற்றியதுதான். திரைக்கதைகளுக்கு மயங்குவது இந்த வட்டாரத்தில் செல்போனோடு வந்த வியாதி அல்ல.

'குட்டி ஜப்பான்' என்ற பெயருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. விடியும் முன்பே வண்டியேறித் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போன குழந்தைகளைப் பற்றியது. அன்றைக்கு அந்த வயதுக் குழந்தைகளின் விரல்களில் மருந்து ஒட்டியிருந்தது. இன்றைக்கு அதே வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல வருடங்களாக முன்வரிசையில் நிற்கிறது. ஒரு குழந்தை சாவகாசமாக உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பதும்கூட இந்த ஊர் போராடிப் பெற்ற வசதிதான்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியில் நிற்கும். விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்.
* ஃபயர் ஆபீஸ்களுக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. செல்போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போவதும் ஆபத்து. கடைவீதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.
* வழியில் திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று.
* தொடர்களைத் தொடங்கும் முன் ஆப்பில் வயது வரம்பையும் மொழிப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

கடைவீதியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளின் மேல் கார்ட்டூன் நாயகர்கள் சிரிக்கிறார்கள், சாமிகள் அருள்பாலிக்கிறார்கள். உள்ளே திரி செருகியவர் பெயர் மட்டும் எந்த லேபிளிலும் இல்லை. அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மின்னும் கைகளோடு சாயங்காலம் வேன் ஏறி வீடு திரும்பும் அக்காமார்கள்தான் அவர்கள். அடுத்த தீபாவளிக்கு முதல் ராக்கெட் மேலே போய் விரியும்போது, பிள்ளைகளோடு சேர்ந்து 'சிவகாசி!' என்று ஒரு சத்தம் போடலாம்.